பூஞ்சணம் பிடித்த புளிமாவை அப்புறப்படுத்திய விதம்

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்து நின்ற மச்சாள், சவர்டோ பாண், அதாவது கடை ஈஸ்ற் இல்லாமல் புளிக்க வைத்துச் சுடும் பாண், சுடுவதற்காக வைத்த புளிமா இரண்டு போத்தல்களில் மிஞ்சியிருந்தது. ஒன்று பிரிட்ஜின் கீழ்த் தட்டில். மற்றது ஸ்ரோர் அறையில், அரிசிப் பானைக்குப் பின்னால். பிரிட்ஜில் இருப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஸ்ரோர் அறையில் ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. எலி செத்து நாறுகிறது என்று நினைத்து அறையை ஒதுக்கியபோது அகப்பட்டது.

கண்ணாடிப் போத்தல். மூடியில் றப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் உள்ள வகை. கொக்கி மாட்டியிருந்தது, ஆனால் றப்பர் ஒரு பக்கம் வெடித்துப்போய்க் காற்று உள்ளே போக வழி இருந்திருக்கிறது. உள்ளே ஏறத்தாழ 400 கிராம் மா. மேலே கறுப்பும் சாம்பல் பச்சையுமாக மயிர் வைத்த பூஞ்சணம். கண்ணாடியோடு ஒட்டிய பக்கத்தில் செம்மஞ்சள் கோடு ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருந்தது. வெளியே இருந்து பார்த்ததோடு சரி, திறக்கவில்லை. போத்தலை அப்படியே ஒரு வாளிக்குள் இறக்கி, பழைய துணியால் மூடி, வெளி விறாந்தையில் வைத்தோம்.

அரைக் கிலோகூட இல்லாத மா. இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் படுகிறது. இந்த வேலைக்கான வழிமுறைகள் எல்லாம் பாதாளச் சாக்கடையும் நகரசபைத் தொட்டியும் உள்ள ஊர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. எங்கள் வளவில் கிணறு ஒரு மூலை, மலகூடக் குழி இன்னொரு மூலை, நடுவில் பக்கத்து வீட்டு ஆச்சியின் கோழிகள். எதை எங்கே ஊற்றினாலும் அது இந்த வளவுக்குள்தான் கிடக்கும்.

கெட்டதா, பசியா

முதலில் இதைத் தீர்க்க வேண்டும். நல்ல புளிமாவைக் கெட்டதென்று எறிபவர்கள்தான் அதிகம்.

கோதுமை மாவையும் தண்ணீரையும் குழைத்து வைத்து, கடை ஈஸ்ற் போடாமல், மாவில் தானாக இருக்கும் மதுவத்தையும் (ஈஸ்ற்) புளிப்பாக்கும் பக்ரீரியாவையும் நாளாந்தம் புது மா ஊட்டி வளர்ப்பதுதான் புளிமா. பக்ரீரியா உண்டாக்கும் அமிலத்தால் கலவையின் பி.எச் 4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் வேறு கிருமிகள் இலகுவில் தலையெடுக்க மாட்டா. ஊட்டாமல் விட்டால் மா கீழே படிந்து, மதுசாரம் கலந்த தண்ணீர் மேலே பிரிந்து நிற்கும். நாள் போகப்போக அது சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி அடிக்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அது கெட்டதல்ல, பசியோடு கிடக்கிறது. எங்கள் பிரிட்ஜ் போத்தலின் நிலை இதுதான்.

மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்து, சுருக்கம் விழுந்து, ஆனால் மயிர் வைக்காமல் தட்டையாக இருந்தால் அதுவும் ஒருவகை மதுவமே. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மாங்காயின் மேல் வருவது. ருசியைக் கெடுக்கும், ஆளைக் கெடுக்காது.

எறிய வேண்டியது இரண்டைக் கண்டால். மயிர் வைத்த பூஞ்சணம், அது வெள்ளையோ பச்சையோ கறுப்போ. அல்லது இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் நிறத்தில் கோடோ திட்டோ. இந்த நிறங்கள், புளிப்பின் காவல் விட்டுப்போய் வேறு கிருமிகள் குடியேறிவிட்டதைக் காட்டுவன. மேலே உள்ளதை வழித்து எறிந்துவிட்டு அடியில் இருப்பதை வைத்துக்கொள்ளலாமே என்று இந்த நிலையிலும் சிலர் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது பூஞ்சணம் வித்தைச் சுமக்கும் மேற்பகுதி மட்டுமே. அதன் நூல்கள் களிக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கின்றன என்பது தெரியாது. இறுகிய பாலாடைக் கட்டியில் வெட்டி எறிந்து மிச்சத்தைத் தின்னலாம். கூழாகவும் களியாகவும் இருப்பதில் அந்தக் கணக்குச் செல்லாது. முக்கியமாக, மூக்கை வைத்து மணந்து பார்க்கக் கூடாது. பூஞ்சண வித்து நேரே சுவாசப்பைக்குப் போகும். எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தொய்வு இருக்கிறது, அதனால் இதில் நான் கொஞ்சம் கடும்பிடி.

சிங்க் வேண்டாம்

மச்சாளுக்குப் படம் அனுப்பியதும் குரல்பதிவு வந்தது. "ஐயோ, அதை மறந்தே போனன். சிங்கிலை ஊத்திப்போட்டு நல்லாச் சுடுதண்ணி விடுங்கோ மச்சாள், போயிடும்."

போகாது. சுடுதண்ணீர் என்பதுதான் இதில் ஆகப் பிழையான பகுதி. கோதுமை மாவின் மாப்பொருள் 60 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் தண்ணீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகிவிடும். அதற்கு மேலே போனால் மாவின் புரதமான குளூற்றனும் வெந்து இறுகும். தேர்தல் காலத்தில் மதிலில் நோட்டீஸ் ஒட்டக் காய்ச்சுவார்களே, அதே மாப்பசையைக் குழாய்க்குள் வைத்துக் காய்ச்சுகிற வேலை இது. சிங்கின் அடியில் உள்ள வளைவில் அது தங்கி, பிறகு வரும் எண்ணெயையும் தேங்காய்ப்பூவையும் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிமா பட்ட எதையும் முதலில் பச்சைத்தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

மலகூடத்துக்குள் ஊற்றலாமே என்பது அடுத்த யோசனை. கோப்பையின் அடியிலும் தண்ணீர் நிற்கும் வளைவு உண்டு, அங்கேயும் இதே கதைதான். குழிக்குள் போய்விட்டால் பெரிய தீங்கு இல்லை, போகிற வழிதான் பிரச்சினை. அடைத்தால் எடுக்க வருபவருக்குக் கொடுக்கும் கூலி ஒரு மூட்டை மாவின் விலையைத் தாண்டும்.

எரிப்பதும் சரிவராது. ஈரமா நெருப்புப் பிடிக்காது, புகைந்துகொண்டு கிடக்கும். பொலித்தீன் பையோடு போட்டு எரிப்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெயிலில் காயவைத்துத் தூளாக்கலாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னார். நல்ல புளிமாவுக்கு அது அருமையான வழி, கடைசியில் அதற்கு வருகிறேன். பூஞ்சணம் பிடித்ததைச் சோளகம் அடிக்கிற காலத்தில் முற்றத்தில் பரப்பினால், வித்து முழுவதையும் காற்று அள்ளிக்கொண்டு ஜன்னல் வழியே உள்ளே வரும்.

வாழையடியும் கோழியும்

ஆச்சி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றவர், "உதென்ன பிள்ளை, புளிச்ச மாவுக்கு இவ்வளவு கூத்தோ? வாழையடியிலை ஊத்திப்போட்டு வா" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. புளித்துப்போன தோசைமா, அப்பத்துக்குக் கரைத்து மிஞ்சிய மா, கழுநீர் எல்லாம் கிணற்றடி வாய்க்காலால் வாழைக்குப் போவதுதான் இங்கே வழக்கம். பூஞ்சணம் இல்லாத புளிமாவையும் தாராளமாகத் தண்ணீரில் கரைத்து அப்படி விடலாம். ஆனால் வாழையடியில்தான் ஆச்சியின் கோழிகள் பகல் முழுக்கக் கிளறுகின்றன. கட்டியாகக் கிடக்கும் மாவை வாழை காண முன்னம் அவை கண்டுவிடும்.

கோழி எதையும் தின்னும், அதற்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை எல்லாரிடமும் இருக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் 1,00,000-க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முதலில் காரணம் தெரியாமல் ஏதோ புதிய நோய் என்றே நினைத்தார்கள். தேடிப் போனபோது தீனியில் சேர்த்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது. பிண்ணாக்கில் பிடித்த பூஞ்சணத்தின் பெயர் அஸ்பெர்ஜிலஸ் பிளாவஸ். அது சுரந்த நஞ்சுக்கு அந்தப் பெயரைச் சுருக்கியே அஃப்ளாரொக்சின் என்று வைத்தார்கள். ஈரலைத் தாக்கும், மனிதரில் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். தாராக் குஞ்சு வான்கோழியைவிடவும் இலகுவில் சாகும். கறவை மாடு தின்றால் நஞ்சின் ஒரு வடிவம் பாலில் வரும். பாண் சுடுகிற சூட்டில் பூஞ்சணம் செத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. ஆகவே சுட்டால் எல்லாம் சரி என்ற பேச்சும் எடுபடாது.

போத்தலுக்குள் இருப்பது எந்தப் பூஞ்சணம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கோழிக்கும் ஆட்டுக்கும் வைக்காமல் விட அந்த ஒரு காரணம் போதும். இதை ஆச்சிக்குச் சொல்ல, "அப்ப கொப்பறாவிலை பூஞ்சணம் பிடிச்சால் பிண்ணாக்கும் உப்பிடித்தானோ?" என்று கேட்டார். அப்படித்தான். அதற்குப் பிறகு அவர் வாழையைப் பற்றிப் பேசவில்லை.

நாய்க்கும் இது ஆகாது. நல்ல புளிமாவாக இருந்தால்கூட, பச்சை மா வயிற்றுச் சூட்டில் பொங்கி வீங்கும், மதுசாரமும் இரத்தத்தில் ஏறும். நாய் தள்ளாடி விழுவது மட்டுமல்ல, உயிரும் போகலாம். எங்கள் ஒழுங்கையில் நாய்களுக்குக் குறைவில்லை. குழியின் ஆழத்தைத் தீர்மானித்தது அவைதான்.

எந்த நிலத்தில் புதைப்பது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாறு ஒன்றுதான் உண்டு. மற்றபடி குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர். அது நிற்பது மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள். அந்தக் கல்லில் வெடிப்புகளும் கரைந்துபோன பொந்துகளும் நிறைய. நிலாவரைக் கிணறு அப்படிக் கல் கரைந்து உண்டான ஒன்றுதான். மேலே ஊற்றுவது மண்ணில் வடிபட நேரமில்லாமல் வெடிப்பு வழியே இறங்கிவிடக்கூடிய நிலம் இது.

பயமுறுத்தவும் விருப்பமில்லை. அரைக் கிலோ மாவால் ஒரு கிணறு நஞ்சாகாது. எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று ஏறுவதற்கு மலகூடக் குழிகளும் தோட்டப் பசளையும்தான் காரணம், புளிமா அல்ல. ஆனாலும் கிணற்றடியில் கொட்டினால் வாளிக்கயிறு, கட்டு, கை, கால் எல்லாவற்றிலும் அது படும். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விடச் சொல்வார்கள். மாக்குழிக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், வளவு விடுகிற அளவுக்குத் தள்ளிப் போவதில் நட்டமில்லை.

நாங்கள் இருக்கும் கோண்டாவில் பக்கம் செம்பாட்டு மண். மண் தடிப்பாக இருக்கிறது, கல்லுக்கு மேலே வடிபட இடமுண்டு, புதைப்பதற்கு இதைவிட நல்ல மண் கிடையாது. ஒரே குறை, மழை காணாத மாதங்களில் மண்வெட்டி தெறிக்கும். முதல்நாள் பின்னேரம் குழி வெட்டப்போகும் இடத்தில் வாளியால் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டோம், விடிய மண்வெட்டி இறங்கியது. ஊறவிட நேரமில்லை என்றால் அலவாங்குதான். தென்மராட்சி மணலில் வெட்டுவது சுகம், ஆனால் தண்ணீரும் சுகமாக இறங்கும், நாயும் சுகமாகக் கிளறும், இன்னும் ஆழம் வேண்டும். தீவகத்தில் பல இடங்களில் ஒரு சாண் போகமுன் கல்லில் தட்டும். அங்கே புதைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டுப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுப்பதுதான் வழி. ஐப்பசி முதல் மார்கழி வரையும் அப்படியே. பதிவான காணிகளில் குழி வெட்டுகிறபோதே தண்ணீர் ஊறி நிற்கும்.

எங்கள் குழி வளவின் கோடியில், கிணற்றுக்கு நேர் எதிர் மூலையில், ஒன்றரை அடி ஆழம்.

போத்தலைத் திறந்தது

நொதிக்கிற பொருளை இறுக்கி மூடி வைத்தால் உள்ளே காபனீரொட்சைட்டு சேரும். ஒரு கிராம் சீனி முழுதாக நொதித்தால் கால் லீற்றருக்குச் சற்று மேலான வாயு வரும் என்றால், ஒரு கைப்பிடி மாவுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடி வெடித்தால் சில்லும் பூஞ்சணமும் சேர்ந்து முகத்துக்கு வரும். எங்கள் போத்தலில் றப்பர் வெடித்திருந்ததால் அழுத்தம் ஏறியிருக்காது என்று கண்டது உண்மை, என்றாலும் அந்த நம்பிக்கையில் திறக்கவில்லை. ஐஸ் கட்டி போட்ட தண்ணீர் வாளிக்குள் ஒரு மணித்தியாலம் கழுத்தளவுக்கு நிற்க வைத்தோம். குளிரில் மதுவம் ஓயும், வாயுவும் கூடுதலாகத் தண்ணீரில் கரைந்து நிற்கும், அழுத்தம் இறங்கும்.

தொய்வுக்காரரை உள்ளே அனுப்பி ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. கொரோனாக் காலத்து முகக்கவசம் இன்னும் லாச்சிக்குள் இருந்தது, அதைக் கட்டிக்கொண்டேன். கைக்குக் கையுறை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்றுக்கு முதுகைக் கொடுக்காமல் பக்கவாட்டில் நின்றேன். முதுகைக் கொடுத்தால் முன்னால் காற்று சுழன்று திரும்ப முகத்துக்கே வரும். போத்தலைப் பெரிய சொப்பிங் பைக்குள் வைத்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியை மூடியின் மேல் போட்டு, பைக்கு வெளியே இருந்தே கொக்கியைத் தட்டினேன். ஒரு சிறு மூச்சு வெளியேறியது, வேறொன்றுமில்லை. உடனே மூடியை முழுதாகத் தூக்காமல், ஒரு விரல் இடைவெளியால் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துப் பூஞ்சணத்தை நனைத்தேன். காய்ந்த வித்துத்தான் பறக்கும், நனைந்தது பறக்காது. இந்த வேலை முழுவதிலும் ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள் என்றால் இதைச் சொல்வேன்.

ஒரு பழைய பெயின்ற் வாளியில் ஆறிய அடுப்புச் சாம்பலும் மண்ணும் போட்டு வைத்திருந்தோம். மாவை அதற்குள் கவிழ்த்து, பாதுகாத்து வைக்கத் தேவையில்லாத ஒரு தடியால் கிளறினோம். சாம்பல் காரம், மா புளிப்பு. சேர்ந்த இடத்தில் நுரைத்துக்கொண்டு எழும்பியது. சாம்பலில் உள்ள காபனேற்று அமிலத்தோடு சேர்ந்து வாயுவாக வெளியேறுவதுதான் அது. இதனால்தான் சாம்பலை மூடிய போத்தலுக்குள் போடக் கூடாது, வாய் அகன்ற வாளியில்தான் கலக்க வேண்டும். நுரை அடங்கியதும் புளிமணம் பெருமளவு போய்விட்டது, இலையான் வருவதும் குறைந்தது. மா உதிர்ந்து மண்ணோடு மண்ணாக வரும்வரை சாம்பல் சேர்த்தோம்.

ஆச்சி இந்த இடத்தில் மறுபடி வந்தார். "சுண்ணாம்பு போடு பிள்ளை. கருப்பணி இறக்கிற முட்டிக்குச் சுண்ணாம்புதானே பூசிறவை, கள்ளாகாமல்." சரியான பேச்சு. சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் வேலை செய்யாது என்ற அறிவு பனை ஏறுகிறவர்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. பூஞ்சணம் பிடித்த மாவுக்கும் நீற்றின சுண்ணாம்பு சாம்பலைவிடக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். ஆனால் கையையும் கண்ணையும் எரிக்கும் சாமான், காற்று நாளில் தூள் பறக்கும். சாம்பல் கிடைக்கிற வீட்டில் அதற்கு அவசியமில்லை என்பது என் எண்ணம். காஸ் அடுப்பு மட்டும் உள்ள வீட்டில், பதமான சுண்ணாம்பை ஒரு கரண்டி போடலாம்.

குழியின் அடியில் காய்ந்த வாழைச்சருகு, அதற்கு மேல் வாளியில் இருந்தது, கிளறின தடி, துணி எல்லாம் போயின, மூடியில் இருந்து கழற்றிய வெடித்த றப்பர் மட்டும் போகவில்லை. றப்பர் உக்காது, அதைத் தனியாகக் கட்டி உக்காத குப்பைக்கு வைத்தோம். மண்ணைப் போட்டு மிதித்து, மேலே கருக்குமட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கி, ஒரு கல்லைத் தூக்கி வைத்தோம். கருக்கு இருக்கிற பக்கத்தை மேலே வைத்தால் நாய் காலை வைக்காது, கோழியும் கிளற வராது.

வளவு இல்லாதவர்களுக்கு

ரவுணில் மாடி அறையில் இருப்பவர்கள் புதைக்க எங்கே போவது? சாம்பல், மரத்தூள், பழைய பேப்பர் எது கிடைத்தாலும் சேர்த்து முதலில் ஈரத்தை வாங்கிவிட வேண்டும். பிறகு ஒரு பைக்குள் இன்னொரு பையாக, பாதிக்கு மேல் நிரப்பாமல் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் நொதிக்கும், ஊதும். நிரம்பக் கட்டிய பை வண்டியில் நசுங்கும்போது வெடித்து, ஏற்றுகிறவரின் முகத்தில் தெறிக்கும். முதல்நாள் இரவே வாசலில் வைத்தால் நாயும் காகமும் கிழித்துப் பரப்பிவிடும், வண்டி வருகிற காலையில் கையில் கொடுப்பதுதான் நல்லது. இங்கே குப்பையைத் தரம்பிரிப்பது மனிதக் கை. உக்கும் குப்பை என்று நினைத்துப் பையைப் பிரித்துப் பார்க்கக்கூடும். "அண்ணை, இது பூஞ்சணம் பிடிச்ச மா, பிரிக்காதேங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் அவருக்கு உபகாரம். ஆட்டுக்கு வைக்கத் தீன் சேர்க்கிறவர்கள் சாப்பாட்டுக் கழிவு கேட்டு வருவதும் உண்டு. அவர்களுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது.

போத்தல் கழுவியது

கண்ணாடியை எறிய மனம் வரவில்லை, எறியவும் தேவையில்லை. கண்ணாடிக்குத் துளை இல்லை, நன்றாகக் கழுவினால் பூஞ்சணம் தங்காது. கீறல் விழுந்த பிளாஸ்ரிக் டப்பா என்றால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள், கீறலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. மா கிண்டிய மர அகப்பையையும் அப்படித்தான். அது அடுப்புக்குள் போயிற்று.

ஒட்டியிருந்த மாவை முதலில் பழைய ரெலிபோன் அட்டை ஒன்றால் சுரண்டி, பேப்பரில் துடைத்து, அதையும் குழிக்கே அனுப்பினோம். பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டு, தும்பும் சவர்க்காரமும் போட்டு வெளியே உள்ள குழாயடியில் தேய்த்தோம். தேய்த்த தும்பு எறியத்தான். இதற்குப் பிறகுதான் பிளீச். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. புளிமா அமிலம், பிளீச் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரீன் வாயு வரும். மா ஒட்டிக்கொண்டிருக்கும் போத்தலுக்குள் நேரே பிளீச் ஊற்றுவதும், பிளீச் ஊற்றிய போத்தலின் மணம் போக வினாகிரியோ தேசிக்காயோ விடுவதும் ஒரே ஆபத்து. குசினிக்குள் சாத்திய கதவோடு செய்தால் மூச்சு முட்டும்.

வாசனை சேர்க்காத உடுப்புப் பிளீச்சில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர், ஒரு லீற்றர் பச்சைத்தண்ணீருக்கு. கழுவிய போத்தலுக்குள் வாய்வரை ஊற்றிப் 10 நிமிடம் விட்டு, பிறகு நிறையத் தண்ணீரில் அலசினோம். பிளீச் விருப்பமில்லாதவர்கள் பாற்போத்தல் அவிப்பதுபோல அவிக்கலாம். பானையின் அடியில் துணி விரித்து, போத்தலைப் பச்சைத்தண்ணீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடாக்கி, கொதித்த பின் 10 நிமிடம். கொதிதண்ணீருக்குள் குளிர்ந்த கண்ணாடியைப் போட்டால் வெடிக்கும். கம்பிக் கொக்கி கழற்றக்கூடியது, அதில் கறள் பிடித்த இடங்களைத் தேய்த்து எடுத்தோம். பிறகு முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தோம்.

ஸ்ரோர் அறைத் தட்டையும் அரிசிப் பானையின் வெளிப்புறத்தையும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தோம். காய்ந்த துணியாலோ தும்புத்தடியாலோ தட்டக் கூடாது. அரிசி மூடிய பானைக்குள் இருந்ததால் தப்பியது.

மிஞ்சிய மற்றப் போத்தல்

பிரிட்ஜில் இருந்ததின் கறுத்த தண்ணீரை வடித்து வாழைக்கு ஊற்றினோம், இதற்கு ஆச்சியின் வழி போதும். மேற்பரப்பை ஒதுக்கி, நடுவில் வெளிறிய மாவில் 10 கிராம் எடுத்து, 50 கிராம் கோதுமை மா, 50 கிராம் கிணற்றுத் தண்ணீர் சேர்த்துப் புதுப் போத்தலில் வைத்தோம். கிணற்றுக்குக் குளோரீன் போட்ட கிழமையில் என்றால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேர்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை யாழ்ப்பாண வீடுகளுக்கு மட்டும் உரியது. ரின்னில் இருக்கும் கோதுமை மா அநேகமாகப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்த மா. அவிக்கிறபோது அதில் இருந்த மதுவமும் பக்ரீரியாவும் செத்துவிடும், குளூற்றனும் வெந்துவிடும். அந்த மாவை ஊட்டினால் புளிமா பொங்காது, சும்மா கிடந்து கெடும். அவிக்காத பச்சை மாதான் வேண்டும். அதில் ஒரு கரண்டி குரக்கன் மா சேர்த்தால் இன்னும் சுறுக்காக எழும்பும்.

முதலில் ஊட்டியபோது குமிழிகூட வரவில்லை. சில தடவை ஊட்டிய பிறகு இரட்டிப்பாக எழும்பத் தொடங்கியது, நெடியும் போய்ப் புளித்த பழ மணம் வந்தது. எங்கள் வெக்கைக்கு வெளியே வைத்தால் நாளுக்கு இரண்டு நேரம் ஊட்ட வேண்டும், அது எங்களால் ஏலாது. பாண் சுடுகிற கிழமையில் வெளியே, மற்ற நேரம் பிரிட்ஜில்.

ஒரு பங்கை பொலித்தீன் தாளில் மெல்லிசாகப் பூசி, காற்றாடிக்குக் கீழே நிழலில் காயவிட்டு, சில்லுச் சில்லாக உடைத்து ரின்னில் போட்டு வைத்திருக்கிறோம். அது பிரிட்ஜும் கேட்காது, மின்வெட்டுக்கும் பயமில்லை. வேண்டியபோது இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து மா ஊட்டினால் திரும்ப எழும்பும்.

கழுவிய கொக்கிப் போத்தலுக்கு அளவான றப்பர் வளையம் ரவுணில் தேடியும் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு அதில் சீனி போட்டிருக்கிறோம். புளிமா சாதாரண ஜாம் போத்தலில், மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தியபடி, ஊட்டிய திகதி எழுதி ஒட்டி, பிரிட்ஜின் முன் தட்டில் இருக்கிறது.